திண்டிவனத்தில் ஒற்றை டிரம்பெட்

புளி வாசனை. பித்தளையில் தேய்த்த புளியின் வாசனை. விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் இட்லிக் கடை வாசலில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புளிப்பு மூக்கில் ஏறியதும் நான் விழுப்புரத்தில் இல்லை. பினாங்கில், கடலைப் பார்த்த ஒரு மாடியறையில், நண்பன் ஞானப்பிரகாசத்தின் கட்டில் ஓரத்தில் இருந்தேன். அவனும் தன் டிரம்பெட்டைப் புளி போட்டுத்தான் தேய்ப்பான். ஹோட்டல் நடனக் குழுவில் அவனோடு வாசித்த சீனர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இன்றைக்கு மீன் குழம்பா என்று கேட்பார்கள். அவன் கழுவித் துடைத்து வெயிலில் ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். "எங்க ஊர்ல பேண்டு செட்டு வூட்டுத் தோட்டமெல்லாம் இந்த வாசனைதான்" என்பான்.

அந்த டிரம்பெட் இப்போது என் மடியில், கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. ஞானத்துக்கு நுரையீரல் போய்விட்டது. மாடிப்படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் முதன்முதலாகத் தமிழ்நாட்டுக்குக் கிளம்புகிறேன் என்றதும் பெட்டியைத் திறந்து மூன்று பொருள்களைக் காட்டினான். டிரம்பெட், ஓர் ஒலிநாடா, வழுவழுவென்று இழைத்த பாதிக் கொட்டாங்குச்சி.

"கூட்டத்துல இருந்து எழுந்து நின்னு தனியா ஊதுறவன் ஒருத்தன் இருந்தா அவன் கையில கொடு. ஆள் இல்லைன்னா திருப்பிக் கொண்டா, கடல்ல போட்டுர்லாம். எங்க அண்ணன் கையில மட்டும் கொடுக்காத."

சொல்லும்போது அவனுடைய முன்பல்லின் உடைந்த பாதி தெரிந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ஊர்வலத்தில் இவன் எல்லாரும் ஊதிய மெட்டை விட்டு விலகித் தனியே ஏறிப் போயிருக்கிறான். பேண்டு மாஸ்டரான அண்ணன் வேகமாக வந்து டிரம்பெட்டின் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருக்கிறார். பல் உடைந்தது. அடுத்த வாரம் தம்பி கப்பல் ஏறினான். அன்றிலிருந்து உதட்டின் ஓரத்தால்தான் ஊதினான். பினாங்கில் அதையே அவனுடைய பாணி என்று பாராட்டினார்கள்.

சென்னையில் சுங்க அதிகாரி கொட்டாங்குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவருக்கு என்ன சந்தேகமோ.

விழுப்புரத்தில் நான் பசியாறியது அந்த இட்லிக் கடையில்தான். நிலக்கடலையை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். மல்லாட்டைச் சட்னி, காரம் காதுவரை ஏறியது. பினாங்கில் ஆறு மொழியில் சாப்பாடு கிடைக்கும், ஆனால் நாக்கை இப்படி நேருக்கு நேர் நின்று அதட்டும் சட்னி கிடையாது. ஞானம் எழுதிக் கொடுத்திருந்த அண்ணனின் பேண்டு செட்டு விலாசத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன்.

"பாக்கியநாதன் மாஸ்டரா? அவரு திண்டிவனம் போயி அஞ்சு வருசம் ஆவுதே. இங்க ஆர்க்கெஸ்ட்ராகாரனுங்க பேஜாரு தாங்கல. அங்க அவருக்கு நல்ல மவுசு. தை மாசம் ஒரு முகூர்த்தம் விடாது."

திண்டிவனம் போகும் பேருந்து கூட்டேரிப்பட்டில் டயர் வெடித்து நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்தார். அரை மணியில் வேறு வண்டி வரும் என்றார். அரை மணி என்பதை இந்த ஊரில் காலக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரோட்டோரத்தில் அவித்த மல்லாட்டை வாங்கித் தின்றபடி நின்றேன். பக்கத்தில் நின்ற கிழவர் என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கிங்களா?"

"டிரம்பெட்டுங்க பெரியவரே," என்ற பதில் வந்தது என்னிடமிருந்து அல்ல. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, தலையில் மல்லாட்டைத் தூசியோடு, தூக்குவாளியோடு நின்றாள். "பெட்டியப் பாத்தாலே தெரியாதா? நான் அந்த ஜாதி பெட்டிக்கு நடுவுலதான் நின்னு பாடறேன்."

பெயர் வசந்தா. பகலில் மல்லாட்டை மில்லில் வேலை. முகூர்த்த நாள்களில் பாக்கியநாதன் மாஸ்டர் செட்டில் பாட்டு. மைக்கும் பாட்டரியும் கட்டிய சைக்கிள் ரிக்‌ஷாவில் நின்றுகொண்டு பாடுவாளாம். கல்யாண வீட்டார் பாட்டுக்காரி கேட்கிறார்கள் என்பதால் மாஸ்டர் சேர்த்துக்கொண்டாராம். "சேத்துக்கினாரே தவிர, ரெண்டு வருசமா இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசல," என்றாள்.

தனியாக ஊதக் கூடியவர் யாராவது அந்தச் செட்டில் உண்டா என்று கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏழுமலை அண்ணன் கீறாரு. ஊதுனா மயிர்க்கூச்செறியும். ஆனா போன மாசம் ஊர்வலத்துல தனியா ஏறிப் போயிட்டாரு சார். டிரம்முகாரனுக்குக் கால் மாறிப் போச்சு. மாப்பிள்ள ஒக்காந்த குதிர மிரண்டு வாழத் தோரணத்தத் தின்னுடுச்சு. மாஸ்டர் அத்தினி பேரு முன்னாடியும் சொல்லிட்டாரு. இன்னும் ஒரே ஒரு தப்பு, கோட்டக் கழட்டி வெச்சிட்டுப் போய்க்கினே இருன்னு."

யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கொடுத்தால் அவன் பிழைப்பு என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது.

வசந்தாவே கூட்டிக்கொண்டு போன மாஸ்டர் வீட்டுக் கொடியில் பதினொரு சிவப்புக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதே புளி வாசனை. அறுபது வயதுக்கு நிமிர்ந்த மனிதர். பினாங்கிலிருந்து வருகிறேன் என்றதும் முகத்தில் எதுவோ ஒன்று திறந்து உடனே மூடிக்கொண்டது. தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். பெட்டியைப் பற்றியும் கேட்கவில்லை.

"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். மரக்காணத்துக் கருவாட்டுக் குழம்பும் கேப்பைக் களியும் வந்தன. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மென்றேன். உட்கார்ந்திருந்த செட்டு ஆட்கள் எல்லாம் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

அப்போதே மறுநாள் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கண்டாச்சிபுரத்துக் குடும்பம் ஒன்றின் கல்யாணம், மண்டபம் திண்டிவனத்தில். சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. "மூணு மணிக்குத் தெரு பாக்குறது யாரு? ஏழுமலை, நீ போ."

தெரு பார்ப்பது என்றால் என்ன என்று வசந்தாவிடம் கேட்டேன். ஊர்வலத்துக்கு முன்னால் செட்டு ஆள் ஒருவர் அந்த வழி முழுக்க ஒருமுறை நடந்து வர வேண்டும். தாழ்ந்த மின்கம்பி இருக்கிறதா, குழி வெட்டியிருக்கிறார்களா, எல்லாவற்றையும்விட, எந்த வீட்டிலாவது சாவு விழுந்திருக்கிறதா. சாவு வீட்டைக் கல்யாண பேண்டு கடக்கக் கூடாது. இருந்தால் வேறு தெரு. வெளியூர்க் கல்யாண வீட்டாருக்கு இது தெரியாது. அவர்களுக்காகத் தெருவைத் தெரிந்து வைத்திருப்பது பேண்டு செட்டின் வேலை.

ஏழுமலை சுவரோரம் நின்றான். இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி. கண் மட்டும் என் பெட்டியின் மேலேயே இருந்தது.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு நான் தங்கியிருந்த லாட்ஜ் அறைக் கதவைத் தட்டினான். "சார், பெட்டிய ஒரு வாட்டி தொறந்து காட்டுங்க. பாத்துட்டு அப்புடியே தெரு பாக்கப் போயிடறேன்."

திறந்தேன். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான், தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல. ஒலிநாடாவைக் கேட்கிறாயா என்றேன். இன்றுவரை அந்தக் கேள்வியை நான் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேனா என்று தெரியவில்லை. கீழே டீக்கடையில் இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டரை ஜன்னலோரம் வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்தவை. எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம், அதற்கு அடியில் ஒரு பேண்டு. டிரம்பெட்டின் குட்டைத் தம்பியான கார்னெட்டும் கிளாரினெட்டும் டிராம்போனும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒரே குடைக்குள் பத்துப் பேர் போவதுபோல.

"எங்க செட்டு மாதிரிதான் கீது," என்று சிரித்தான்.

ஞானம் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். அமெரிக்காவின் தெற்கே, பெரிய ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துறைமுக ஊர். அங்கே கறுப்பின மக்கள் தெருவில் கல்யாணத்துக்கும் பேண்டு, சாவுக்கும் பேண்டு. முதலில் எல்லாரும் சேர்ந்துதான் ஊதினார்கள். பிறகு ஒருவன் எழுந்து நின்றான். மற்றவர்கள் அவனைத் தடுக்கவில்லை. அடங்கினார்கள். அவன் காலுக்குக் கீழே தரையானார்கள். அந்நாளில் ஒலிப்பதிவுக்கு ஒரே ஒரு பெரிய கொம்பு, அதைச் சுற்றித்தான் எல்லாரும் நிற்க வேண்டும். ஓர் இளைஞன் ஊதியதில் மற்ற யாருடைய சத்தமும் பதியாமல் போக, அவனை மட்டும் தூரத்தில் கதவோரம் நிறுத்தினார்களாம். கதையோ நிஜமோ தெரியாது, ஆனால் கதவோரம் நின்றவன்தான் இன்றைக்கும் தட்டில் கேட்கிறான் என்பான் ஞானம்.

"இங்கயும் கதவாண்ட நிக்க வெப்பாங்க சார். வெளிய தள்ளுறதுக்கு சுளுவா இருக்கும்னு."

அடுத்து ஒரு பெண் பாடினாள். மொழி எங்கள் இருவருக்கும் பாதிதான் புரிந்தது. அவள் ஒரு வரி பாடி நிறுத்துவாள். அந்த இடைவெளிக்குள் கார்னெட் நுழைந்து ஏதோ பதில் சொல்லும். மறுபடி அவள். மறுபடி கார்னெட். திருமணமாகி இருபது வருடமான இருவர் அடுப்படியில் பேசிக்கொள்வதுபோல. வேறொரு பாட்டில் பாடுகிறவன் நடுவில் வார்த்தையையே விட்டுவிட்டு வெறும் ஓசையில் போனான். பாட்டுத் தாள் கீழே விழுந்துவிட்டதாம், குனிந்து எடுக்க நேரமில்லையாம். அதுவும் கதைதான். ஏழுமலை தொடையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டான். முகம் இறுகியிருந்தது.

கடைசியில் இசைத்தட்டு இரைச்சல் நின்றது. ஓர் அறையின் அமைதி. ஓர் இருமல். பிறகு ஞானத்தின் டிரம்பெட், கொட்டாங்குச்சியால் வாயை மூடியும் திறந்தும். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவன் பேசுகிற குரல் அது.

"இன்னொரு வாட்டி சார்."

மூன்று முறை கேட்டோம். நான்காவதுக்கு நாடாவைப் பின்னுக்கு ஓட்டும்போது கீழே டீக்கடையில் யாரோ மணி கேட்டார்கள். அஞ்சு ஆவப் போவுது என்று பதில் வந்தது.

ஏழுமலை எழுந்தான். படி இறங்கி ஓடினான். கோட்டு மாட்டிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது.

அறைப் பூட்டில் நம்பிக்கை இல்லாததால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் நடந்தேன். பதினொரு சிவப்புக் கோட்டு. ரிக்‌ஷாவில் வசந்தா, பட்டுச் சேலை, கையில் மைக். பின்னால் பூ அலங்காரக் காரில் மாப்பிள்ளை. வழியெல்லாம் ஏழுமலை எட்டி எட்டி முன்னால் பார்த்துக்கொண்டே ஊதினான். கடைத்தெரு தாண்டியது. ஒன்றுமில்லை. இடப்பக்கம் திரும்பியது. ஒன்றுமில்லை. மூன்றாவது தெருவுக்குள் கார் முழுசாக நுழைந்த பிறகு, நடுவில் ஒரு பந்தலும், மரப் பெஞ்சுகளும், தலை குனிந்து உட்கார்ந்த ஆண்களும் தெரிந்தார்கள்.

மாஸ்டர் கையை உயர்த்தினார். பேண்டு நின்றது. அந்த அமைதியில் பந்தலுக்குள்ளிருந்து பெண்களின் அழுகை மட்டும் கேட்டது.

நான்கைந்து பேர் எழுந்து வந்து தெருவை மறித்தார்கள். முன்னால் வந்தவன் இறந்தவரின் மகன், இடுப்பில் துண்டு. "எங்கப்பா படுத்துக் கெடக்குறாரு. நீங்க டமாரம் அடிச்சுகினு போவீங்களா? ஒரு சத்தம் வந்துது, டிரம்மு கிழிஞ்சிடும்."

கல்யாண வீட்டார் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் காரைச் சுற்றிக்கொண்டு வந்தார். "அதுக்கு? மாப்பிள்ளைய பொணத்துக்கு முன்னாடி ஊமையா இட்டுகினு போவச் சொல்றியா? இல்ல வண்டியப் பின்னால தள்ளச் சொல்றியா? எங்க வூட்டுல மாப்பிள்ள வண்டி பின்னால போனதில்ல." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "யோவ் மாஸ்டர், இன்னா பேண்டு நடத்தற? தெரு பாக்க மாட்டீங்களா?"

மாஸ்டர் திரும்பவில்லை. "மூணு மணிக்குத் தெரு பாத்தது யாரு?"

"பாக்கலை மாஸ்டர்," என்றான் ஏழுமலை.

நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். என்னோடுதான் இருந்தான் என்று சொல்ல வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஏழுமலை என்னைப் பார்க்கக்கூட இல்லை. கோட்டின் மேல் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

மகனோடு வந்தவர்களில் ஒருவன் பெஞ்சின் காலை உருவிக் கையில் எடுத்தான். தாய்மாமன் பக்கத்து ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். காருக்குள் மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு சிலையாக இருந்தான்.

வசந்தா ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினாள். மைக்கை சீட்டில் வைத்துவிட்டு நேராக மகனிடம் நடந்தாள்.

"அண்ணே, பேண்டு வாணாம், மைக்கு வாணாம். தாலாட்டு பாடினு போறேன். ஒத்தக் குரலு. கல்யாணத்துக்கும் குத்தமில்ல, உங்கப்பாவுக்கும் குத்தமில்ல. நாங்க கடக்குற வரைக்கும் மட்டும்."

மகன் பந்தலைத் திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது, அழுது கம்மிப்போன குரல். "வுடுடா. போறவங்க போவட்டும்."

தாய்மாமன் ஏதோ முணுமுணுத்தார். தாலாட்டைக் கெட்ட சகுனம் என்று சொல்ல அவருக்கும் நாக்கு வரவில்லை.

வசந்தா ஏழுமலையைப் பார்த்தாள். "நான் ஒரு அடி பாடி நிறுத்துவேன். நடுவுல நீ வா. ரொம்ப மெதுவா."

"மெதுவா எப்புடி? இது கேக்குமா நான் சொன்னா?" என்று தன் டிரம்பெட்டைத் தூக்கிக் காட்டினான். அப்போதுதான் என் கை வேலை செய்தது. பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, கொட்டாங்குச்சியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் ஆராரோ என்று தொடங்கினாள். மைக் இல்லாத அவள் குரல் சின்னது, தவிட்டு நிறம். ஓர் அடி பாடி நிறுத்தினாள். அந்த இடைவெளியில் கொட்டாங்குச்சிக்குப் பின்னாலிருந்து டிரம்பெட் மெல்ல வந்தது, தொட்டிலை ஆட்டும் கைபோல. அவள் அடுத்த அடி. அவன் பதில். அவர்கள் முன்னால் நடந்தார்கள். பின்னால் கேன்வாஸ் ஷூக்களின் சத்தம் மட்டும். பந்தலுக்கு நேராக வந்தபோது ஏழுமலை தாலாட்டை விட்டு ஒரு படி மேலே ஏறினான். அங்கிருந்து இன்னொரு படி. வசந்தாவும் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் ஓசையில் அவனைப் பின்தொடர்ந்தாள். பந்தலில் அழுகை நின்றது. பெஞ்சுக் காலைப் பிடித்திருந்தவன் அதைத் தாழ்த்தினான்.

பின்வரிசையிலிருந்து மாஸ்டர் வேகமாக வருவதைப் பார்த்தேன். கை உயர்ந்திருந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது. அந்த உடைந்த பல் என் கண் முன்னால் வந்து நின்றது. நான் குறுக்கே பாய்வதற்குள் அவர் என்னைத் தாண்டிவிட்டார்.

கை டிரம்பெட்டையும் தாண்டிப் போயிற்று. டிரம்முகாரர் பழக்க தோஷத்தில் குச்சியை ஓங்கியிருந்தார். மாஸ்டரின் உள்ளங்கை டிரம்மின் தோலில் அழுந்தியது. தெரு முடியும்வரை அதை எடுக்கவில்லை. அப்படியே, டிரம்மின் மேல் கை வைத்தபடி, பக்கவாட்டில் நடந்தே வந்தார்.

முனை திரும்பியதும் கையை எடுத்தார். பதினொரு பேரும் ஒன்றாக வெடித்தார்கள்.

மண்டப வாசலில் ஏழுமலை கோட்டைக் கழற்றி மடித்து நீட்டினான். மாஸ்டர் வாங்கவில்லை. தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"வைகாசி வரைக்கும் எல்லா முகூர்த்தத்துக்கும் நீதான் தெரு பாக்குற. வெயில்ல செருப்பு தேயட்டும். கோட்ட மாட்டு, நலங்குக்கு ஊதணும்." இரண்டடி போய்த் திரும்பினார். "யம்மா வசந்தா, சாப்டியா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறை என்று அந்தப் பார்வை சொன்னது.

பெட்டியை அன்றே ஏழுமலையிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் போய்க் கொஞ்சம் புளி கேட்டான்.

மறுநாள் காலை திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு மாஸ்டர் வந்திருந்தார். கையில் பொட்டலம், வறுத்த மல்லாட்டை. என் கைகள் காலியாக இருந்ததைப் பார்த்தார். சென்னை வண்டி உறுமிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வராத சத்தம் இப்போது வந்தது.

"மாஸ்டர், நேத்து ஏழுமலை தெரு பாக்காததுக்கு நான்தான் காரணம். என் ரூம்லதான் இருந்தான்."

"தெரியும் சார்." அவர் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தபடி பேசினார். "நான் கீழ டீக்கடையிலதான் நின்னுகினு இருந்தேன். அவன் உங்க ரூமுக்கு வந்தான்னு சொன்னாங்க, தெரு பாத்துட்டானான்னு கேக்கத்தான் வந்தேன். மேல அது கேட்டுது. கொட்டாங்குச்சி ஊதலு. யாருதுன்னு எனக்குத் தெரியாதா? மூணு வாட்டியும் கேட்டேன். வந்த வேலைய மறந்துட்டேன்."

நடத்துநர் விசில் அடித்தார். நான் படியில் ஏறினேன்.

"இன்னும் ஊதுறானா?"

"முடியல மாஸ்டர். மூச்சு இல்ல."

வண்டி நகர்ந்தது. அவர் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலைந்து எட்டு நடந்தார்.

"அவன்கிட்ட சொல்லுங்க சார். இந்த வாட்டி கைய டிரம்மு மேலதான் வெச்சேன்னு."